கோலுக்கு முந்தைய வினாடிகள்

விளையாட்டுப் பிரிவில் வீடியோ எடிட்டராக இருக்கிற எனக்கு, ஒரு கோலை எங்கிருந்து காட்டத் தொடங்குவது என்பதுதான் பாதி வேலை. மீதியெல்லாம் கை பழகிவிட்டால் தானாக வந்துவிடும். ஒவ்வொரு கால்பந்து உலகக்கோப்பைக்கும், ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பைக்கும் முன்னால் ‘மறக்க முடியாத கோல்கள்’ என்று ஒரு தொகுப்பு கேட்பார்கள், பழைய ஃபுட்டேஜ் வந்து குவியும், ஒரு கோலுக்கு இத்தனை வினாடிதான் என்ற கணக்கும் கூடவே வரும். அந்தக் கணக்குக்குள் அடக்க எல்லாரும் செய்வது, பந்தை வலைக்குள் அடிக்கிற கடைசி உதையிலிருந்து தொடங்கிவிடுவது. எனக்கு அது இன்றுவரை ஒப்பவில்லை. கடைசி உதையை மட்டும் பார்த்தால் பெரும்பாலான கோல்கள் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஒரு கோலை இத்தனை வருஷம் கழித்தும் ஏன் பேசுகிறோம் என்பதற்கான காரணம் அதற்கு முன்னால் எங்கேயோ இருக்கிறது, அதைத் தேடி டைம்லைனில் பின்னால் போய்க்கொண்டே இருப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1970 உலகக்கோப்பை இறுதிப்போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா அரங்கம், இத்தாலிக்கு எதிராகப் பிரேசிலின் நான்காவது கோல், 86-ஆவது நிமிடம். பெலே வலப்பக்கம் பந்தை மெதுவாக உருட்டிவிடுகிறார், கேப்டன் கார்லோஸ் ஆல்பெர்டோ ஓடிவந்து ஓங்கி அடிக்கிறார். வழக்கமாகக் காட்டுவது இவ்வளவுதான். ஆனால் முழுதாக ஓடவிட்டால் முன்வரிசை ஆட்டக்காரரான டோஸ்டாவ் தன் அணியின் பாதிவரை இறங்கி வந்து பந்தை மீட்க உதவுவதைப் பார்க்கலாம். பிறகு க்ளோடோவால்டோ நான்கு இத்தாலியர்களை ஏமாற்றிவிட்டு ரிவெலினோவுக்குக் கொடுக்கிறார், அவர் இடது ஓரமாக ஜெய்ர்சின்யோவுக்குத் தள்ளிவிடுகிறார். இங்கேதான் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஜெய்ர்சின்யோ வலது ஓரத்து ஆட்டக்காரர். அவர் இடப்பக்கம் போனதால் அவரைக் காவல் காத்த ஃபாக்கெட்டியும் கூடவே போய்விட்டார், ஃபாக்கெட்டி இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது. கார்லோஸ் ஆல்பெர்டோ ஓடிவருவது அந்தக் காலி இடத்துக்குள்தான், அதுவும் திரைக்குள் அவர் நுழைவதே கடைசி நேரத்தில்தான். பெலே அந்தப் பாஸை ஏன் அவ்வளவு நிதானமாகக் கொடுக்கிறார் என்பது, இந்த ஓட்டம் முழுவதையும் பார்த்தவருக்குத்தான் புரியும். கிட்டத்தட்ட அரை நிமிடம் ஆகும். ஆகட்டும், வேறு ஏதாவது ஒரு கோலைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்று நான் வாதாடியிருக்கிறேன், சில தடவை ஜெயித்தும் இருக்கிறேன்.

அதே அரங்கத்தில் 1986 ஜூன் 22, காலிறுதி, அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும். மரடோனாவின் இரண்டாவது கோலுக்கு எங்கே தொடங்குவது என்பதில் பெரிய சந்தேகம் வராது, சக ஆட்டக்காரர் எக்டர் என்ரிகே தன் பாதிக்குள்ளேயே பந்தைக் கொடுக்கும் இடம்தான். அங்கிருந்து இங்கிலாந்தின் பியர்ட்ஸ்லிக்கும் ரீடுக்கும் நடுவே ஒரு சுழற்சி, அப்புறம் புட்சர், ஃபென்விக், கடைசியில் கோல்கீப்பர் ஷில்டன். ஆனால் தனியாக வைத்தால் இதுவும் பாதிக் கதைதான் என்று நினைக்கிறேன். நான்கு நிமிடம் முன்னால், இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ் காலில் பட்டு மேலே எழும்பிய பந்தை அதே மரடோனா கையால் தட்டி கோல் ஆக்கியிருந்தார், நடுவரும் அதைக் கோல் என்றே கொடுத்துவிட்டார். இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் அந்தக் கோபம் தணியாமல் நிற்கும்போதுதான் யாரும் குறை சொல்லவே முடியாத இந்தக் கோல் விழுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் பார்ப்பவர் முகமே மாறிவிடும். இதற்கு வாய்ஸ் ஓவர் எழுதித் தரச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். வானொலியில் விக்டர் ஹூகோ மொராலெஸ் அழுதுகொண்டே ‘நீ எந்தக் கிரகத்திலிருந்து வந்தாய்’ என்று கேட்ட வர்ணனை இருக்கும்போது அதன்மேல் இன்னொரு குரலை ஏற்ற யாருக்கு மனசு வரும்?

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 1950 உலகக்கோப்பை. ரியோவின் மரக்கானா அரங்கத்தில் உருகுவேயோடு கடைசி ஆட்டம், பிரேசிலுக்கு டிரா போதும், கோப்பை அவர்களுக்குத்தான். 79-ஆவது நிமிடத்தில் உருகுவேயின் கிஜ்ஜா வலது ஓரமாக ஓடிவந்து, கோல்கீப்பர் பார்போசாவுக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் அடித்துவிட்டார், 2-1. இந்தக் கோலை மட்டும் பார்க்கிற எவருக்கும் பார்போசா தவறு செய்தார் என்றே தோன்றும், வாழ்நாள் முழுக்க அந்தப் பழியை அவர் சுமந்தார். ஆனால் 66-ஆவது நிமிடத்துக்குப் போங்கள். அதே கிஜ்ஜா, அதே வலது ஓரம், அப்போது அவர் நேராக அடிக்கவில்லை, நடுவில் இருந்த ஸ்கியாஃபினோவுக்கு கிராஸ் கொடுத்தார், அவர் அடித்துச் சமன் செய்தார். இரண்டாவது தடவை ஓடிவரும்போது பார்போசா எதிர்பார்த்தது அந்தக் கிராஸைத்தான், அதனால்தான் ஓரடி முன்னால் நகர்ந்தார். முதல் கோலைக் காட்டாமல் இரண்டாவதை மட்டும் காட்டுவது அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம். என் கைக்கு வந்தால் இரண்டையும் ஜோடியாகத்தான் வைப்பேன்.

எல்லாக் கோலுக்கும் இப்படித் தோண்ட வேண்டியதில்லை என்பதும் உண்மை. 1988 யூரோ இறுதியில் நெதர்லாந்தின் வான் பாஸ்டன், பந்து தரையில் படுமுன்பே அடித்த வாலிக்கு, முய்ரன் அனுப்பிய அந்த உயரமான கிராஸிலிருந்து தொடங்கினால் போதும். 1998 உலகக்கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக அதே நாட்டின் பெர்க்காம்ப் மூன்றே தொடுதலில் போட்டது, ஃபிராங்க் டி பூரின் நீண்ட பாஸிலிருந்து. ஆனால் 1976 யூரோ இறுதியில், ஆட்டம் சமனாகி வெற்றியைப் பெனால்டிகள் முடிவு செய்தபோது பானென்கா அடித்த பெனால்டியைத் தனியாகப் பார்த்தால் நடுவில் மெதுவாகத் தூக்கிவிட்ட ஒரு பந்து, அவ்வளவுதான். சற்று முன் மேற்கு ஜெர்மனியின் ஊலி ஹெனெஸ் கம்பத்துக்கு மேலே அடித்து வீணாக்கியதையும், இது உள்ளே போனால் செக்கோஸ்லோவாக்கியாதான் சாம்பியன் என்பதையும் பார்ப்பவர் தெரிந்துகொண்டால்தான் அந்தத் துணிச்சல் புரியும். யூரோ 96-இல் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்தின் கேஸ்கோயின், ஹென்ட்ரியின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டு அடித்ததும் அப்படித்தான். சற்று முன்பு இங்கிலாந்து கோல்கீப்பர் சீமன் ஒரு பெனால்டியைத் தடுக்காமல் விட்டிருந்தால் அப்போது ஆட்டம் 1-1 ஆகியிருக்கும்.

சில கோல்களுக்கு முடிவிடம்தான் சிக்கல். 1966 உலகக்கோப்பை இறுதியில் இங்கிலாந்தின் ஹர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்ததோடு வெட்டினால் அது கோலே இல்லை, சந்தேகம் மட்டும்தான். நடுவர் டீன்ஸ்ட், லைன்ஸ்மேன் பக்ராமோவிடம் நடந்து போய்க் கேட்கிற காட்சிவரை விட வேண்டும். 1982 உலகக்கோப்பை இறுதியில் இத்தாலியின் டார்டெல்லி கோல் போட்டுவிட்டு அலறிக்கொண்டே ஓடுகிற ஓட்டத்தை யாராவது பாதியில் வெட்டினால் எனக்குச் சண்டை போடத் தோன்றும்.

அப்புறம் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். இந்தத் தொகுப்புகளில் பெண்கள் உலகக்கோப்பை பெரும்பாலும் வராது, வந்தாலும் கடைசியில் ஒட்டு மாதிரி ஒன்று. 2011 காலிறுதி, ஜெர்மனியின் டிரெஸ்டனில் அமெரிக்காவும் பிரேசிலும், கூடுதல் நேரம், அமெரிக்கா பத்துப் பேரோடு ஆடுகிறது, மார்தா இரண்டு கோல் போட்டு பிரேசில் 2-1 முன்னிலை. 122-ஆவது நிமிடத்தில் ரப்பினோ இடப்பக்கத்திலிருந்து தூக்கி அனுப்ப, வாம்பாக் தலையால் முட்டி உள்ளே தள்ளினார், பிறகு பெனால்டியில் அமெரிக்கா ஜெயித்தது. 120 நிமிட ஆட்டத்தில் 122-ஆவது நிமிடம் எங்கிருந்து வந்தது? பிரேசிலின் எரிகா அடிபட்டதாகக் கீழே கிடந்தார், ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுபோனார்கள், உடனே எழுந்து திரும்ப ஓடிவந்தார். அப்படி வீணான நேரத்தைத்தான் நடுவர் சேர்த்துக் கொடுத்தார், அந்த நேரத்தில்தான் கோல் விழுந்தது. அதனால் நான் ஸ்ட்ரெச்சரிலிருந்து தொடங்கினேன். அதற்கு எங்கே இடம் என்று தயாரிப்பாளர் கேட்டார். வாம்பாக் முட்டியதற்கு ஸ்லோ மோஷன் ரீப்ளே மூன்று கோணத்தில் வைத்திருந்தோம், அதில் இரண்டை எடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சரை உள்ளே வைத்தேன். அவரும் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு சரி என்றார்.