டேங்குக்குள் மூன்று கோலி

எங்கள் தண்டையார்பேட்டை வீட்டு மாடிப்படிக்கு அடியில் பத்து வருஷமாக ஒரு புல்லட் நின்றுகொண்டிருந்தது. வண்டி மேல் சாக்கு, சாக்கு மேல் பழைய பேப்பர் கட்டு, அதற்கும் மேல் கொலு பொம்மை டிரங்குப் பெட்டி. புதிதாக வருகிறவர்கள் அதை ஒரு அலமாரி என்றே நினைத்துக்கொள்வார்கள். பெரியப்பா வாங்கிய வண்டி, 1983 மாடல். திருவொற்றியூர் ஃபேக்டரியில் பிறந்து தண்டையார்பேட்டைக்கு வாக்கப்பட்டது. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நாலைந்து கிலோமீட்டர்தான்.

பெரியப்பா போன பிறகு பழைய இரும்புக்காரர் மூன்று தடவை வந்து, தராசு இல்லாமலே கண்ணால் எடை போட்டுவிட்டுப் போனார். மூன்றாவது தடவை எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நானே ரெடி பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அதுவரை என் கையால் கழற்றி மாட்டியதிலேயே பெரிய சாமான் கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டர்.

முதல் ஞாயிற்றுக்கிழமை புத்தம்புது ஸ்பானர் செட்டைப் பிரித்தேன். எந்த ஸ்பானரும் எந்த நட்டிலும் சரியாக உட்காரவில்லை. ஒன்று நுழையாது, அடுத்தது வழுக்கும். நான் விடவில்லை, அழுத்தித் திருப்பினேன். பக்கத்து போர்ஷன் அண்ணன் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பார்க்கிறவர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"இன்னா தம்பி, நட்டு கழட்றியா, கொழுக்கட்டை புடிக்கிறியா?"

குனிந்து பார்த்தால், ஆறு மூலை நட்டு உருண்டையாகிக்கொண்டிருந்தது. "இது இங்கிலீஷ்காரன் நட்டுப்பா. இஞ்ச்சு கணக்கு. உன் மில்லிமீட்டர் ஸ்பானருக்கு மசியாது" என்றார். இந்த ஒரு வரி முன்பே தெரிந்திருந்தால் நாலு நட்டு பிழைத்திருக்கும். புதுப்பேட்டைக்குப் போய் பழைய இஞ்ச் ஸ்பானர்கள் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அண்ணனுக்கு இந்த வண்டி மேல் கடைசி வரை மதிப்பு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "எங்க போட்ல ஆறு சிலிண்டர். இதுல ஒண்ணே ஒண்ணு. தையல் மிஷினுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?"

கழற்றிய நட்டு, போல்ட், வாஷரையெல்லாம் இட்லித் தட்டில் குழிக்கு ஒரு இடமாகப் பிரித்து வைத்தேன். மேல் தட்டு கார்புரேட்டர், நடுத்தட்டு மட்கார்டு, கீழ்த்தட்டு செயின் கவர். என் வாழ்க்கையிலேயே நான் செய்த ஒழுங்கான காரியம் அது. மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தால் வீட்டில் இட்லி வாசனை.

"எல்லாத்தையும் பத்திரமா ஒரே டப்பாவுல கொட்டி வெச்சிருக்கேன்டா" என்றார் அம்மா.

அந்த எவர்சில்வர் டப்பாவிலிருந்து எது எங்கே போகும் என்று கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது. வண்டி ஓட ஆரம்பித்த பிறகும் டப்பாவில் ஐந்து வாஷர் மிச்சம் இருக்கிறது. அவை என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தன என்று இன்னும் தெரியவில்லை.

சரி, பெட்ரோல் டேங்குக்கு வருகிறேன். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் செம்மண் நிலம் மாதிரி துரு. வினிகர் ஊற்றி ஊறவைத்து, உள்ளே ஏதாவது கெட்டியான பொருளைப் போட்டுக் குலுக்கினால் உதிர்ந்துவிடும் என்று எங்கோ கேட்டிருந்தேன். பத்து லிட்டர் வினிகர் கேட்டதும் மளிகைக் கடைக்காரர் "ஊறுகாய் பிசினஸா சார்?" என்றார். கெட்டியான பொருளுக்கு என் மகனிடம் கையேந்தினேன். எட்டு வயது. தெருவில் ஜெயித்துச் சேர்த்த 40 கோலிகளை எண்ணி எண்ணிக் கொடுத்தான். அதில் ஒரு பெரிய வெள்ளைக் கோலி, அவன் கணக்கில் அது 'பால் கோலி', குலதெய்வம் மாதிரி.

"திருப்பித் தருவல்லப்பா?"

"ஒண்ணு குறையாது."

இரண்டு நாள் ஊறவைத்து, அரைமணிக்கு ஒரு தடவை மொட்டை மாடியில் டேங்கைத் தூக்கிக் குலுக்கினேன். தோள்பட்டை கழன்றது, துரு அவ்வளவாகக் கழலவில்லை. வினிகரைக் கொட்டிவிட்டு, ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் அலசி, கோலிகளைக் கவிழ்த்து எண்ணினேன். 37.

புல்லட் டேங்கைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் சேஸிஸ் குழாய் போவதற்காகக் குதிரைச் சேணம் மாதிரி பிளந்திருக்கும். உள்ளே இடது பக்கம் ஒரு குழி, வலது பக்கம் ஒரு குழி. மூடி இருப்பது மேலே. இடது பக்கம் சாய்த்தால் கோலி இடது குழிக்கு ஓடும், வலது பக்கம் சாய்த்தால் வலது குழிக்கு. தலைகீழாகப் பிடித்தால் வாய்க்குப் பக்கத்தில் வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். நானும் என் மனைவியும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டியதைப் பார்த்து எதிர்மாடியில் யாரோ "உறியடியா?" என்று கேட்டார்கள். மகன் 37 கோலியையும் வாங்கிப் பார்த்தான். பால் கோலி இல்லை. அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

விஷயம் தெருமுனை மெக்கானிக் பாய் வரை போய்விட்டது. அவர் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆனது.

"கோலி வழவழன்னு இருக்குமே சார், அது எப்படித் துருவைச் சுரண்டும்? பழைய சைக்கிள் செயினைப் போட்டிருக்கணும். முனையில ஒரு கம்பி கட்டிட்டா வேலை முடிஞ்சதும் இழுத்துடலாம். நட்டு போட்டிருந்தாகூட மேக்னட் விட்டு எடுத்துடுவேன். கண்ணாடிக்கு எந்த மேக்னட்டை விடறது?"

அதோடு முடியவில்லை. அலசிய டேங்கைக் காயட்டும் என்று ராத்திரி முழுக்க மாடியில் திறந்து வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் உள்ளே மறுபடியும் ஆரஞ்சு. "கடல் காத்துப்பா. ஒரு நாள் கை வெக்கலன்னா எங்க போட்டே செவந்துடும்" என்றார் அண்ணன், ஒரு மீனவப் பேட்டையில் இதுகூடத் தெரியாமல் எப்படி வளர்ந்தாய் என்ற முகத்தோடு. இரண்டாவது தடவை செயின் போட்டுக் குலுக்கி, அலசின கையோடு மனைவியின் ஹேர் டிரையரால் ஊதி, கொஞ்சம் இன்ஜின் ஆயில் ஊற்றிச் சுழற்றிவிட்டேன். துரு நின்றது. ஹேர் டிரையரில் இன்றுவரை வினிகர் வாசனை நிற்கவில்லை.

கார்புரேட்டர், கிளட்ச் கேபிள், சீட் எல்லாம் எப்படியோ முடிந்தன. பிறகு வந்தது கிக்கர். இந்த வண்டியை ஸ்டார்ட் பண்ண பலம் போதாது, சாஸ்திரம் வேண்டும். சாவி போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி, ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை போக வேண்டும். அப்புறம் இன்ஜினுக்குள் அடைபட்ட காற்றை வெளியே விடுகிற டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து ஒரு சின்னத் தள்ளு. லீவரிலிருந்து கையை எடுத்து, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. நான் இதையெல்லாம் தப்பில்லாமல் செய்தேன். வண்டி என்னைத் திருப்பி உதைத்தது. டைமிங் முந்தியிருந்தால் பிஸ்டன் மேலே வந்து சேருவதற்குள் தீப்பொறி அடித்து, கிக்கர் காலையே திருப்பி எறியுமாம். இதைப் பாய் சொன்னபோது நான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பாயே வந்து, தீப்பொறிக்கு நேரம் குறிக்கிற பாயிண்ட் செட்டைத் திறந்தார். பத்து வருஷப் பாசி. உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, சட்டைப் பையிலிருந்த பழைய விசிட்டிங் கார்டை நடுவில் நுழைத்துப் பார்த்து, "15 தவ், போதும்" என்றார். ஒரு தவ் என்றால் இஞ்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டைமிங்கையும் கொஞ்சம் பின்னால் தள்ளினார். ஆறு மாதமாக நான் பளபளவென்று தேய்த்த எதற்கும் இதில் சம்பந்தமே இல்லை.

மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. டப்... டப்... டப். எதிர்வீட்டுப் பாட்டி பால் பாக்கெட் எடுக்கக் கூடையோடு வெளியே வந்துவிட்டார். பெரியப்பா காலை ஷிஃப்டுக்குக் கிளம்புகிற சத்தம் அவர் காதில் அப்படியே இருந்திருக்கிறது. அப்போது மணி மாலை ஆறு.

தெருவே பார்க்கிறது என்ற தெம்பில் ஏறிக் கிளம்பினேன். இந்தப் பழைய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நூறு தடவை படித்ததுதான். தெருமுனையில் தண்ணீர் லாரிக்காக வரிசை கட்டியிருந்த குடங்களைப் பார்த்ததும், வேறு வண்டியில் பழகிய என் வலது கால் தானாகவே அழுத்தியது. முதல் கியர் மேலே, மற்றதெல்லாம் கீழே. அதனால் நிற்க வேண்டிய வண்டி மரியாதையாக இரண்டாவது கியருக்கு மாறியது. ஆறு குடம். அதில் இரண்டு புதுசு. காசு கொடுத்துவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுத முடியாது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் ஸ்டாண்ட் போட்டேன். டேங்குக்குள் கடகடவென்று ஒரு சத்தம். திண்ணையில் உட்கார்ந்திருந்த மகன் பல நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தான்.

"இன்னொரு தடவை ஆட்டுப்பா."

ஆட்டினேன். காதை டேங்கில் வைத்துக் கேட்டான்.

"இந்தப் பக்கம் ரெண்டு சின்னது. அந்தப் பக்கம் கேக்குது பாரு, அதுதான் பால் கோலி."