கிணற்று நீச்சலும் கிளப் நீச்சலும்

ஈரோட்டுப் பக்கம் வளர்ந்த எங்களுக்கு நீச்சல் என்பது பணம் கட்டிக் கற்கும் வித்தையன்று. மிதப்பதற்காக முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டிப் பெரியப்பா என்னைக் கிணற்றில் தள்ளிவிட்டபோது எனக்கு ஆறு வயது. அந்தக் கோடை முடிவதற்குள் புருடையை அவிழ்த்தாயிற்று. 1994-இல் சிறுவன் குற்றாலீஸ்வரன் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார் என்ற செய்தி வந்தபோது, ஏறத்தாழ அவர் வயதினரான நாங்கள், எங்கள் கிணற்றை எத்தனை சுற்றுச் சுற்றினால் அந்த 33 கிலோமீட்டர் வரும் என்று மேட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

பிறகு படிப்பு, சென்னை, வேலை. முழங்கால் வலிக்காக மருத்துவர் சொன்ன பிறகே, 43 வயதில், வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு நீச்சல் கிளப்பில் சேர்ந்தேன். ‘நீந்தத் தெரியுமா?’ என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்த இடத்தில் ‘நன்றாக’ என்று எழுதிக்கொடுத்தேன்.

குளத்தின் நீளம் 25 மீட்டர். மறுகரையைத் தொட்டபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு நாய்போல இரைத்தேன். என்னைவிட இருபது வயது இளையவரான பயிற்சியாளர் மிகுந்த மரியாதையுடன், “சார், நீங்க நீந்தல, மூழ்காம இருக்கீங்க, அவ்வளவுதான்” என்றார்.

அவர் சொன்னது உண்மை. கிணற்றில் நாங்கள் தலையை நீருக்கு மேல் தூக்கியே நீந்தினோம். எதிரே குதிப்பவனைப் பார்க்க வேண்டுமே! தலை உயர்ந்தால் இடுப்பும் கால்களும் தாழ்ந்துவிடுகின்றன. உடல் சரிந்த பலகையாகித் தண்ணீரை வெட்டிச் செல்வதற்குப் பதிலாகத் தள்ளிக்கொண்டு போகிறது. அதைவிடப் பெரிய பிழை மூச்சில் இருந்தது. முகத்தை நீருக்குள் வைத்ததும் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். நமக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்வதனால் அன்று, வெளியேறாத கரியமில வாயு சேர்வதனால் என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன். ஆகவே மூன்று வாரம் எனக்கு நீச்சலே கிடையாது. கம்பியைப் பிடித்தபடி முகத்தை அமிழ்த்தி, ‘ம்ம்ம்’ என்று முனகிக் குமிழி விட்டு, தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் மட்டும் திருப்பி, ஒரு காது நீருக்குள்ளேயே இருக்க, வாயோரத்தால் காற்றை இழுக்க வேண்டும். பக்கத்து லேனில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் சுற்றுகளை எண்ணிக்கொண்டே என்னைக் கடந்து போவாள்: “அங்கிள், உங்களுக்கு இன்னும் குமிழிதானா?”

தனியாகக் கட்டணம் கட்டி நீந்தியிருந்தால் இரண்டாம் வாரமே நின்றிருப்பேன். கிளப்பில் காலை ஆறு மணி பேட்சுக்கு ஒருநாள் வராவிட்டால், பெயர்கூடத் தெரியாதவர்கள் மறுநாள் காரணம் கேட்கிறார்கள். 25 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஐந்தைந்து ஆண்டுப் பிரிவுகளாக நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியைப் பற்றிச் சொன்னவரும் அவர்களில் ஒருவரே. அறுபதைத் தாண்டிய அவர், லேனில் எனக்குப் பின்னால் வந்து பாதத்தைத் தட்டி வழி கேட்பார்.

இப்போது நிற்காமல் 400 மீட்டர் போகிறேன். முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதே கிணற்றில் இறங்கி, முகத்தை அமிழ்த்திக் குமிழி விட்டபடி இரண்டு சுற்று நிதானமாக வந்தேன். மேட்டில் நின்ற மாமா குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங் மாப்ள, காசு கீசு உள்ள உழுந்துருச்சுங்களா?”