விரலில் மை இல்லாத வாக்கு

2025 ஏப்ரல் 28. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். குடியுரிமை கிடைத்த பிறகு எனக்கு இதுதான் முதல் வாக்கு. சீட்டை விரித்தால் எங்கள் தொகுதி வேட்பாளர்களின் பெயர்கள்தான் இருந்தன. பிரதமர் பதவிக்குப் போட்டியிட்ட கட்சித் தலைவர்களான கார்னியின் பெயரும் இல்லை, பொலியேவின் பெயரும் இல்லை. பென்சிலால் ஒரு புள்ளடி போட்டு மடித்துப் பெட்டியில் போட்டேன்.

வெளியே வந்து திருகோணமலைக்கு வீடியோ கோல் எடுத்தேன்.

"எங்க, விரலைக் காட்டு பிள்ளை" என்றார் அம்மா. இங்கே மை பூசுவதில்லை என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

அப்பாவுக்கு வேறு கவலை. "அப்ப நாட்டை ஆளப்போறவருக்கு நீ வாக்குப் போடேல்லையா?"

போடவில்லைதான். நான் அனுப்புவது எம்.பி.யை. அவர்களில் பெரும்பாலானோர் யார் பக்கம் நிற்கிறார்களோ அவர்தான் பிரதமர். அந்த ஆதரவு போனால் பதவியும் போகும். 2011 மார்ச்சில் 156க்கு 145 என்று வாக்கெடுப்பில் தோற்ற அரசு நேரே தேர்தலுக்குப் போனது. 2025 ஜனவரியில் அப்போதைய பிரதமர் ட்ரூடோவைப் பதவி விலக நெருக்கியதும் சொந்தக் கட்சி எம்.பி.மார்தான்.

2022 மே மாதத்தை அப்பாவுக்கு ஞாபகப்படுத்தினேன். பிரதமர் பதவியை விட்ட மஹிந்த ராஜபக்ஷ எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்தில்தான் வந்து தங்கினார். வாசலில் சனம் திரண்டது. ஆனால் நிறைவேற்று அதிகாரம் இருந்த ஜனாதிபதி ஜூலை வரைக்கும் கதிரையை விடவில்லை. அவரைச் சட்டப்படி இறக்க மூன்றில் இரண்டு பங்கு எம்.பி.மாரும் உயர் நீதிமன்ற விசாரணையும் வேண்டும். இலங்கையின் 1978 அரசியல் யாப்பு அப்படி. எனக்குக் கனடா முறைதான் பிடித்திருக்கிறது.

அப்பா விடவில்லை. "ஜனாதிபதித் தேர்தலில மட்டும்தான் என்ர வாக்கும் கொழும்புக்காரன்ர வாக்கும் ஒண்டு. 2015இல எங்கட வாக்கில்லாமல் மைத்திரி ஜனாதிபதியா வந்திருப்பாரா? 1956இல சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கின தனிச் சிங்களச் சட்டம் கொண்டு வந்தது ஆர்? பாராளுமன்றம்தானே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று நாட்டில் ஜனாதிபதியே கிடையாது. சிறுபான்மையினரைக் காக்கவென்று அப்போதிருந்த சோல்பரி அரசியல் யாப்பில் 29ஆம் பிரிவு இருந்தும், சபையில் பெரும்பான்மை இருந்ததால் சட்டம் நிறைவேறிவிட்டது. கனடாவில் அந்த இடத்தில் 1982இன் உரிமைப் பட்டயமும் மாகாணங்களின் அதிகாரமும் நிற்கின்றன. ஆட்சி முறையோடு சேர்த்து இவற்றையும் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அப்பா கேட்டார்: "உங்கட எம்.பி.க்குக் கடிதம் போடலாமா?"

"போடலாம் அப்பா. பாராளுமன்ற முகவரிக்கு முத்திரைகூட ஒட்டத் தேவையில்லை."

"அப்ப எழுது. 2006 ஜனவரியில எங்கட திருகோணமலைக் கடற்கரையில சுட்டுக் கொல்லப்பட்ட அந்த 5 மாணவப் பெடியளைப் பற்றி எழுது."