பழனிப் பாதையில் பந்தல் போட்டவர்கள்

அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் பிள்ளையைப் பழனிக்கு நடக்க வைக்கிறேன் என்று அம்மா பழனியாண்டவரிடம் வேண்டியிருந்தார். அப்பா எழுந்து நடமாடிவிட்டார். அதனால் இந்தத் தைப்பூசத்துக்கு மாலை போட்டு, குன்றக்குடி சண்முகநாதரைக் கும்பிட்டுவிட்டு, செட்டிநாட்டு நகரத்தார் காவடிகளுக்குப் பின்னால் கிளம்பினேன். 400 ஆண்டுகளுக்கு மேலாகக் காவடிகள் போகிற பாதை என்பார்கள். திருப்பத்தூர், சிங்கம்புணரி, சமுத்திராப்பட்டி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், அப்புறம் பழனி.

நத்தம் தாண்டியதும் கால் கொப்புளம் உடைந்தது. தார்ச்சாலை வெயிலில் கொதிக்கிறது. அரோகரா சொல்லக்கூடத் தொண்டை வரவில்லை. கோபால்பட்டிக்கு முன்னால் ஒரு கீற்றுப் பந்தலில் போய் உட்கார்ந்தேன்.

வயதான ஒரு பாட்டி வெந்நீரும் தைலமும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"காலை நீட்டு சாமி."

"ஐயோ பாட்டி, நீங்க போய் என் காலைத் தொடுறதா?"

"மாலை போட்ட காலு சாமி இது. எனக்கு முட்டி தேஞ்சுபோச்சு, மலைக்கு வர முடியாது. உனக்குத் தேய்ச்சு விட்டா அவன்கிட்ட போய்ச் சேந்துரும்ல?"

நூறு நாள் வேலைக்குப் போன கூலியில் தைலம் வாங்கி வைத்திருக்கிறார். எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் கை பட்டதும் அழுதுவிட்டேன். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவருக்கும் தேய்த்தார், அதற்கு அடுத்தவருக்கும்.

அந்த ஊரே பந்தலில்தான் இருந்தது. வீட்டுக்கு ஒரு படி அரிசி போடுகிறார்கள். டிராக்டர் வைத்திருப்பவர் டேங்கில் தண்ணீர் கொண்டு வருகிறார். பக்கத்து வீட்டிலிருந்து கரண்ட் இழுத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். களையெடுத்துவிட்டு வந்த பெண்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். இளவட்டப் பையன்கள் முள்ளையும் கண்ணாடிச் சில்லையும் கூட்டி, நடக்கிற ஓரத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள். ராத்திரி சுக்குக் காபி ஊற்றிய பையன் விடியற்காலையில் கப்புகளைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டிருந்தான். 500 ரூபாய் கொடுத்தேன், வாங்கவே இல்லை. "பழனி உண்டியல்ல போடுங்க சாமி, எங்க ஊர் பேரைச் சொல்லி ஒரு கும்பிடு போடுங்க, போதும்" என்றார்கள். ரெட்டியார்சத்திரம், சத்திரப்பட்டி வரைக்கும் இப்படித்தான். ஒருவர் சோறு போட்ட இடத்திலிருந்து எழுந்து நடந்தால் அடுத்தவர் மோரோடு நிற்கிறார்.

அடிவாரத்துக்கு வந்தால் வேறு உலகம். செருப்பே போடாமல் வந்தவனை "செருப்பை இங்க விடுங்க" என்று இழுக்கிறார்கள், பூஜைத் தட்டு வாங்காமல் நகர விடுவதில்லை. சீக்கிரம் தரிசனம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் மலையைச் சுற்றுகிற கிரிவீதியில் பாதிவரை கூடவே வந்தார். இத்தனை தூரம் பட்டினியில்லாமல் நடத்திக் கூட்டி வந்தவர்களை நினைத்ததும் இங்கே வயிறு எரிந்தது. படிக்கட்டில் நெரிசல் அதற்கு மேல். குழந்தையைத் தோளில் வைத்திருந்தவர்களைக்கூட இடித்துத் தள்ளுகிறார்கள். 693 படியும் எப்படி ஏறினேன் என்று முருகனுக்குத்தான் தெரியும்.

சாயரட்சை, சாயங்காலப் பூஜை நேரம். ராஜ அலங்காரத்தில் நிற்கிறான். அப்பாவுக்காகச் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது, ஒரே வரியில் முடித்துவிட்டேன். அப்புறம் ஊர்ப் பெயர்கள்தான் வந்தன. சமுத்திராப்பட்டி, கோபால்பட்டி, ரெட்டியார்சத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன். பின்னாலிருந்து தள்ளினார்கள், "நகருங்க, நகருங்க" என்றார்கள். நகர்ந்துகொண்டே சொன்னேன்.

முருகா, நத்தம் பக்கம் மாமரமெல்லாம் இப்போதுதான் பூவெடுத்து நிற்கிறது. ஒரு பூ உதிராமல் காயாக்கிக் கொடு. கிணறுகளில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள். அந்தப் பாட்டியின் முட்டி வலியை எடுத்துவிடு அப்பா, ஒரு தடவையாவது அவரை உன் மலைக்கு ஏற்றிவிடு.