விஸ்கான்சினில் இரண்டு நாள், ஒரு பழைய டிராக்டர்

நேற்று இரவு பதினொன்றரைக்குத்தான் வீடு வந்து சேர்ந்தேன். விரலிடுக்கில் கிரீஸ் கறை இன்னும் போகவில்லை. அதற்குள் எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் கோபம். வாங்கும் டிராக்டரை ஏற்றிவர எடுத்த டிரெய்லருக்கு வாடகை ஒரு நாளைக்கு 30 டாலர் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். கவுன்டரில் போய் நின்றதும் காப்பீடு, விளக்குக்கு வயர், சரிவுப் பலகை என்று ஒவ்வொன்றாக ஏற்றி, இரண்டு நாளுக்கு 118 டாலர் வாங்கிக்கொண்டார்கள். டிராக்டருக்கே 400 டாலரைத் தாண்ட மாட்டேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். நீங்கள் டிரெய்லர் எடுப்பதாக இருந்தால், பதிவு செய்யும்போதே மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தேடிப் போனது ஜான் டீர் 110. வயலில் உழும் பெரிய டிராக்டர் அல்ல, வீட்டுத் தோட்டத்துக்கென்றே செய்த சின்ன டிராக்டர். புல் வெட்டும், சிறு கலப்பை இழுக்கும், குளிர்காலத்தில் வாசலில் விழும் பனியைத் தள்ளும். 1963இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஹொரிகோன் ஊர்த் தொழிற்சாலையில் இருந்து முதன்முதலாக வந்தது. எனக்கு வேண்டியது 1964 முதல் 1967 வரை வந்த, பின் மட்கார்டு உருண்டு வளைந்திருக்கும் வகை. அதில் கோலர் கே181 இன்ஜின் இருக்கும். ஒற்றை சிலிண்டர், எட்டுக் குதிரைத்திறன், வார்ப்பிரும்பு உடல். குளியலறைக் குழாய்களில் நாம் பெயர் பார்க்கிறோமே, அதே கோலர்தான். 1873இல் இதே விஸ்கான்சினில் பண்ணைக் கருவிகள் வார்க்கும் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் அது. இந்த இன்ஜினில் சிலிண்டர் தேய்ந்தால் அதன் உட்புறத்தைச் சற்று அகலமாகக் கடைந்து, ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டனை மாட்டிக்கொள்ளலாம். இன்று பெரிய கடைகளில் வரிசையாக நிற்கும் மெல்லிய தகரப் புல்வெட்டிகளுக்கு அப்படி ஒரு மறுபிறவி கிடையாது. அவற்றுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் சிகாகோ புறநகரில் இருந்து மைத்துனனும் நானும் கிளம்பினோம். விஸ்கான்சினுக்குள் நுழைந்துவிட்டால் டோல் கிடையாது, அது பெரிய நிம்மதி. முதலில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் போர்ட் வாஷிங்டன். இந்தச் சின்ன ஊரிலேயே போலன்ஸ், சிம்ப்ளிசிட்டி என்று இரண்டு தோட்ட டிராக்டர் நிறுவனங்கள் இருந்தன. இப்போது இரண்டு ஆலைகளும் இல்லை.

அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் விளம்பரத்தில் பார்த்த முதல் 110 நின்றது. 1,600 டாலர். கண்ணைப் பறிக்கும் பச்சை, மஞ்சள் சக்கரம், புது சீட். மைத்துனன் சொக்கிப்போய், "அத்தான், இதையே முடித்துவிடுவோம்" என்றான். எனக்கு ஏதோ உறுத்தியது. மட்கார்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பச்சை உரிந்த இடத்தில் வெள்ளை! 1969 முதல் 1971 வரை ஜான் டீர் இந்த டிராக்டர்களை வெள்ளை உடலில், நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறங்களில் இன்ஜின் மூடியும் சீட்டும் வைத்து விற்றது. பொதுவாக ஜான் டீர் என்றாலே பச்சை, அதனால் இந்த வெள்ளை வண்டிகளைச் சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றைப் பிடித்துப் பச்சை அடித்து வைத்திருந்தார்கள். வயிறு எரிந்தது. முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் அச்சு 'லொட லொட' என்றது. ஆயில் அளவுக் குச்சியில் பெட்ரோல் வாடை, அதாவது ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது. பெயின்ட்டுக்குச் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கை இன்ஜினுக்குச் செலவழித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம்.

அந்த எரிச்சலை ஆற்றியது இரவுச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை மாலை என்றால் விஸ்கான்சின் முழுக்க மீன் வறுவல்தான். பியர் கலந்து கரைத்த மாவில் முக்கிப் பொரித்த ஏரி மீன். மேல் மாவு அப்பளம்போல நொறுங்குகிறது, உள்ளே சதை வெண்ணெயாக இருக்கிறது. கூடவே உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட அடை, முட்டைகோஸ் சாலட், கம்புநிறத்தில் ஒரு ரொட்டி. மிளகாய்த்தூள் இல்லாத மீன் வறுவலை நான் இவ்வளவு விரும்பிச் சாப்பிடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இருவருக்கும் சேர்த்து 36 டாலர். இந்தப் பயணத்தில் மனமார எடுத்துக் கொடுத்த பணம் அது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை ஹொரிகோன். ஊருக்கு வடக்கே பெரிய சதுப்பு நிலம். அக்டோபர் மாதம், கனடா வாத்துகள் ஆயிரக்கணக்கில் இறங்கிக் கத்திக்கொண்டிருந்தன. நின்று பார்க்க நேரமில்லை. ஜான் டீர் 1911இல் இந்த ஊரின் வான் பிரண்ட் விதைப்புக் கருவி நிறுவனத்தை வாங்கித்தான் இங்கே காலூன்றியது. இன்றும் அந்த ஆலையில் புல்வெட்டும் டிராக்டர் செய்கிறார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு பண்ணை. எண்பதை நெருங்கும் பெரியவர் கொட்டகைக் கதவைத் தள்ளி, தார்ப்பாயை இழுத்தார். 110. உருண்ட மட்கார்டு. பச்சை வெளுத்து, சீட் கிழிந்து, மூடியில் ஒரு ஒடுக்கு. அவருடைய அப்பா 1967இல் புதிதாக வாங்கிய வண்டி, பில்லைக்கூட வைத்திருக்கிறார். பத்து வருடங்களுக்கு மேல் ஓடவில்லை. 450 டாலர் கேட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், பலர் இதில் ஏமாறுகிறார்கள். கே181இல் கிளப்புவதற்கு எளிதாக, சிலிண்டரின் அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடும் அமைப்பு, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்டில் இருக்கிறது. ஓடும் திசையில் கையால் மெதுவாகச் சுற்றினால் நல்ல இன்ஜினும் செத்த இன்ஜின் போலத் தெரியும். எதிர்த்திசையில் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினேன். கையை அப்படியே பிடித்து நிறுத்தியது. வால்வும் பிஸ்டன் ரிங்கும் உயிரோடு இருக்கின்றன என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

அடுத்து, இன்ஜினை மூடியிருக்கும் தகரத்தைக் கழற்றினோம். நினைத்தபடியே எலிக்கூடு. இது காற்றால் குளிரும் இன்ஜின். சிலிண்டரைச் சுற்றியுள்ள இரும்பு இதழ்களுக்கிடையே காற்று போகாவிட்டால் வெந்துவிடும். வைக்கோல், பஞ்சு, வாதுமைத் தோல் என்று ஒரு வாளி நிறைய அள்ளினோம். பிறகு பக்கவாட்டில் இருக்கும் சின்னத் தகர மூடி. அதற்குள் பாயிண்ட், பிளக்கில் பொறி வருவதற்காக மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச். இரண்டு முனைகளும் சாம்பல் பூத்து, ஒன்றில் ஊசிமுனை அளவுக்குக் குழி. அப்பாவின் பஜாஜ் ஸ்கூட்டர் மழைக்காலத்தில் நின்றுபோகும்போதெல்லாம் மெக்கானிக் உப்புத்தாளைத் துண்டாகக் கிழித்துப் பாயிண்ட்டைத் தேய்ப்பதைக் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். அதையேதான் செய்தேன். தேய்த்து, சுத்தமான காகிதத்தை இடையில் விட்டுத் தூசியை எடுத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு வைத்தேன். பிளக்கை இன்ஜின் உடலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மைத்துனனைச் சுற்றச் சொன்னேன். நீலப் பொறி, 'டிக்' என்ற சத்தத்தோடு.

எங்கள் காரின் பேட்டரியை இணைத்தோம். இந்த வண்டியில் ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒரே பொருள். பெல்ட் வழியாக இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும். கிளம்பியதும் அதே பெல்ட் இதைச் சுற்ற, பேட்டரிக்கு மின்சாரம் ஏறும். கார்புரேட்டரில் ஒரு மூடி பெட்ரோல் ஊற்றிச் சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை முனகியது. மூன்றாவது முறை, 'டப்... டப்... டப்டப்டப்'! ஆறேழு வினாடிதான், ஊற்றிய பெட்ரோல் தீர்ந்ததும் நின்றுவிட்டது. கொட்டகை முழுக்கப் புகை. பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். 375 டாலருக்கு முடிந்தது. கூடவே கைப்புத்தகத்தையும் கொடுத்தார். அதன் பின்பக்கத்தில் அவருடைய அப்பா ஆயில் மாற்றிய தேதிகளைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.

வழி, தங்குமிடம், செலவு என்று ஒழுங்காக எழுத நினைத்திருந்தேன். செலவையாவது சொல்லிவிடுகிறேன்: டிராக்டர் 375, டிரெய்லர் 118, பெட்ரோல் 62, விடுதி 84, மீன் 36. மொத்தம் 675 டாலர். விடுதிக்கு 84 அதிகம், வெந்நீர்கூட வரவில்லை. பணத்தைச் சில்லறை நோட்டுகளாக எடுத்துப் போங்கள், பேரம் முடிந்த பிறகு மீதி கேட்டு நிற்க நேராது. உப்புத்தாளும் ஃபீலர் கேஜும் டார்ச்சும் இல்லாமல் பழைய டிராக்டர் பார்க்கப் போகாதீர்கள்.

பெல்ட் ஓடும் கப்பியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதி கிரீஸ் காணாமல் இறுகிக் கிடக்கிறது. அடுத்த வாரம் அதைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டாங்கைக் கழுவி, கார்புரேட்டரைப் பிரித்து, எல்லா கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டும். புது பாயிண்ட், கண்டன்சர் இரண்டுக்கும் இப்போதே ஆர்டர் போட்டுவிட்டேன், ஐம்பது வருடங்களுக்கு மேலான வண்டிக்கு அவை இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. அந்த வெளுத்த பச்சையில் மட்டும் கை வைக்க மாட்டேன்.