ஸ்கூல் லைப்ரரில வாலன்டியர் வேலை

வெளிநாட்டுக்கு வந்து விசாவால வேலைக்குப் போக முடியாம வீட்ல இருக்கற ஃப்ரெண்ட்ஸ்க்காக இத எழுதறேன். புள்ளைங்க ஸ்கூல் லைப்ரரில வாலன்டியர் வேணுமான்னு கேட்டுப் பாருங்க, நான் போயிட்டு இருக்கேன், மனசுக்கு அவ்ளோ நல்லா இருக்கு.

திரும்பி வந்த புக்ஸ ஸ்கேன் பண்ணி, முதுகுல ஒட்டியிருக்கற நம்பர் பாத்து ஷெல்ஃப்ல வைக்கணும், முக்கால்வாசி வேலை அதான். 1876ல மெல்வில் டூயிங்கற அமெரிக்க லைப்ரரியன் கொண்டு வந்த முறை அது, ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு நம்பர், 567.9னா டைனோசர், 636.7 நாய், 796 பக்கம் விளையாட்டு. இந்த மூணு இடமும் எவ்ளோ அடுக்கினாலும் அடுத்த பீரியட்லயே கலைஞ்சிடும், கலைஞ்சா சந்தோஷம்தான், புள்ளைங்க எடுத்துப் பாக்குதுங்கல்ல!

நேத்து புதுசா சேந்த ஒரு பொண்ணு, இங்கிலீஷ் இன்னும் வரல, கைய ரெண்டு பக்கமும் விரிச்சு ஆட்டிக் காட்டினா, பறவைன்னு புரிஞ்சு 598க்கு கூட்டிட்டுப் போனேன், ஆந்தை புக்க உருவி அங்கயே தரையில உக்காந்துட்டா. மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியனா இருந்த நம்ம எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931லயே ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம்னு விதி எழுதி வச்சாரே, அது இதான்னு தோணுச்சு.

சேரணும்னா மொதல்ல ஆபீஸ்ல கேளுங்க, நிறைய நாட்டுல போலீஸ் செக் முடிச்சுட்டுதான் உள்ள விடுவாங்க, அதுக்குக் கொஞ்சம் டைம் ஆகும், அதனால இப்பவே ஃபார்ம் வாங்கிடுங்க.