பச்சை விளக்கும் பழைய பியானோவும்

"பச்சை எரியுதுங்கண்ணா. இதுக்கு மேல நான் என்னங்க பண்றது?"

"பியானோவுக்கு வை, தம்பி."

"அப்போ பியானோ தப்புங்களா, நான் தப்புங்களா?"

"பியானோதான் தப்பு. ஆனா அதை இன்னிக்கு மாத்த முடியாது. உன்னை மாத்தலாம்."

இவ்வளவுதான் பேச்சு. குன்னூர்ப் பக்கத்தில் ஒரு தேவாலயம், கேரல் ஆராதனைக்கு முந்தின ஒத்திகை. மிக்சரும் ஸ்பீக்கரும் என் பொறுப்பு, பேஸ் கிட்டார் அந்தத் தம்பியின் கையில். சுருதி சரியாக இருந்தால் பச்சை விளக்கு காட்டும் டியூனர் ஒன்று அதில் மாட்டியிருந்தது. அவன் பேஸின் சுருதியைப் பியானோவுக்கு இறக்கினான், ஆராதனை நல்லபடியாக நடந்தது. ஆனாலும் நான் சொன்ன கடைசி பதில் மனதில் அறுத்துக்கொண்டே இருக்கிறது. செய்யச் சொன்னது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்குச் சொன்ன காரணம் சரியா என்பதில்தான் சந்தேகம்.

முதலில், செய்யச் சொன்னது ஏன் சரி என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பியானோ பல வருடமாகச் சுருதி பார்க்கப்படாதது. அதன் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு அத்தனை அதிர்வு) நிற்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 435-இல் நின்றது. அதாவது 20 சென்ட் குறைவு. ஒரு அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குதான் சென்ட், எனவே இது அரை ஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பேஸின் தலையில் மாட்டியிருந்த கிளிப் டியூனருக்குப் பியானோ ஒன்று பக்கத்தில் இருப்பதே தெரியாது. அது 440-ஐ மட்டும் அளவுகோலாக வைத்துக்கொண்டு பச்சை காட்டும். அந்தப் பச்சை பொய் இல்லை. அந்தக் கூடத்துக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

"எனக்குத் தப்பா ஒண்ணும் கேக்கலியேங்கண்ணா" என்றும் அவன் சொன்னான். அதுவும் உண்மைதான், காரணத்தை எண்ணிலேயே பார்க்கலாம். பேஸின் வெறும் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். 20 சென்ட் இறங்கிய பியானோவில் அதே ஸ்வரம் 54.4 ஹெர்ட்ஸ் சுமார். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது சத்தம் பெருகி அடங்கும் விம்மல், ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை வரும். பாட்டு ஓடும்போது அதை யாரும் பிரித்துக் கேட்க முடியாது. அடித்தள ஸ்வரத்தில் தெரியாத வித்தியாசம் அதன் மேல்கிளை ஒலிகளில், அதாவது அதே கம்பியில் கூடவே எழும் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வுகளில், பெரிதாகிக்கொண்டே போகும். கேட்பவர்களுக்கு "பேஸ் தப்பு" என்று தோன்றாது. "பாட்டு கலங்கலா இருக்கு" என்றுதான் தோன்றும். உடனே மிக்சரில் இருப்பவனிடம் வந்து பேஸைக் குறைக்கச் சொல்வார்கள். குறைத்தால் கலங்கல் கொஞ்சம் குறையும், கூடவே பாட்டின் அடித்தளமும் போய்விடும்.

அதனால் காதால் சேர்ப்பது என்றால் தடித்த வெறுங்கம்பியை மீட்டிக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது இல்லை. ஹார்மோனிக்கில், அதாவது அந்த மேல்கிளைகளில் ஒன்றைத் தனியாக எழுப்பி, மேலே ஏறிப் போய்க் கேட்க வேண்டும். ஏ கம்பியில் 5-ஆவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு, அழுத்தாமல் மீட்டினால் 220 ஹெர்ட்ஸ் கிடைக்கும். பியானோவில் நடு சி-க்குக் கீழே இருக்கும் ஏ கட்டையும் அதே 220. ஒருவர் அந்தக் கட்டையை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் ஹார்மோனிக்கை அடிக்க வேண்டும். 20 சென்ட் வித்தியாசத்துக்கு இங்கே விநாடிக்கு இரண்டரை விம்மல் வரும். இசை தெரியாதவருக்கும் அது கேட்கும். அந்தத் தம்பிக்கும் கேட்டது. முகம் மாறியதைப் பார்த்தேன்.

பிறகு டியூனிங் கீயைத் தளர்த்தி, வேண்டிய இடத்தையும் தாண்டிக் கீழே இறக்கி, அங்கிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டு வர வேண்டும். விம்மல் வேகம் குறைந்து, நீண்டு, நிற்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். மேலிருந்து இறக்கி அப்படியே விட்டால் கியரின் பல்லிடைத் தளர்வும் நட் பள்ளத்தில் (தலைப்பக்கம் கம்பி உட்காரும் பள்ளம்) கம்பி பிடித்துக்கொள்வதும் சேர்ந்து, நாலு அடி அடித்ததும் சுருதி இன்னும் இறங்கிவிடும். நட்டில் 'டிக்' என்று சத்தம் வந்தால் கம்பி அங்கே சிக்குகிறது என்று அர்த்தம். பென்சில் கரியை அந்தப் பள்ளத்தில் தேய்த்தால் போதும்.

ஏ நின்றபின் மற்ற மூன்று கம்பிகள்: ஏ-வுக்குக் கீழே தடித்த ஈ, மேலே டி, ஜி. இங்கேதான் காதை நம்புகிறவர்கள் வழுக்குவார்கள். கீழ்ச்சுருதிக் கம்பியின் 5-ஆவது ஃப்ரெட் ஹார்மோனிக்கும் அடுத்த கம்பியின் 7-ஆவது ஃப்ரெட் ஹார்மோனிக்கும் ஒன்றாக வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லித் தருகிறார்கள். விம்மல் முழுக்க மறையும்வரை முறுக்கவும் சொல்கிறார்கள். முழுக்க மறையக் கூடாது. 7-ஆவது ஃப்ரெட் ஹார்மோனிக் இயற்கையான பஞ்சமம். ஃப்ரெட்களோ ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரை ஸ்வரங்களாகப் பிரிக்கும் கணக்கில் பதிக்கப்பட்டவை. இரண்டுக்கும் 2 சென்ட் வித்தியாசம் உண்டு. விம்மலைக் கொன்றே தீருவேன் என்று ஏ-யிலிருந்து வைத்துக்கொண்டே போனால் ஈ 2 சென்ட் ஏறிவிடும், டி 2 சென்ட் இறங்கிவிடும், ஜி 4 சென்ட் இறங்கிவிடும். ஈ-க்கும் ஜி-க்கும் நடுவே 6 சென்ட் பிளவு. சரியான நிலையில் ஈ–ஏ ஜோடியில் ஐந்து விநாடிக்கு ஒரு விம்மலும், ஏ–டி-யில் நான்கு விநாடிக்கு ஒன்றும், டி–ஜி-யில் மூன்று விநாடிக்கு ஒன்றும் மிச்சம் இருக்க வேண்டும். மேல்சுருதிக் கம்பியின் ஹார்மோனிக் அந்தத் துளி ஏறி நிற்க வேண்டும்.

இவ்வளவு மெல்லிய விம்மலைச் சந்தடியில் எண்ண முடியாது. அதனால் நான் பையன்களுக்குச் சொல்வது வேறு வழி: எல்லாக் கம்பியையும் ஒரே ஏ-வுக்குக் கட்டு. ஏ கம்பியின் 12-ஆவது ஃப்ரெட் ஹார்மோனிக் 110. டி கம்பியின் 7-ஆவது ஃப்ரெட்டை அழுத்தினால் அதே 110. ஜி கம்பியின் 2-ஆவது ஃப்ரெட்டிலும் அதே. ஈ கம்பியின் 5-ஆவது ஃப்ரெட், வெறும் ஏ கம்பி. ஒவ்வொன்றும் நேராக ஏ-வோடு ஒப்பிடப்படுவதால் பிழை ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. ஆனால் பிரிட்ஜில் சேடில் (அடிப்பக்கம் கம்பி உட்காரும் துண்டு) சரியான இடத்தில் இருக்க வேண்டும். 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட ஏறிக் கேட்டால் சேடிலைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும், இறங்கிக் கேட்டால் முன்னுக்கு. இடது கை கம்பியை முரட்டுத்தனமாக அழுத்தினாலும் ஸ்வரம் ஏறும்.

இனி எனக்கு எதிரான வாதம். இதே இறக்கத்தை டியூனரிலேயே செய்திருக்கலாமே? செய்திருக்கலாம். பல டியூனர்களில் 440-ஐ மாற்றும் வசதி இருக்கிறது. 435 என்று வைத்தால் அந்தப் பச்சையே பியானோவின் பச்சை. அந்த வசதி இல்லாத கிளிப்பிலும் முள் இடது பக்கம் 20 சென்ட் கோட்டில் நிற்கும்படி வைக்கலாம். கூடத்தில் குழு பாடிப் பழகிக்கொண்டிருக்க, நாற்காலி இழுபட, குழந்தைகள் ஓட, காதால் விம்மல் தேடுவதைவிட இது சுலபம். கிளிப் கழுத்தின் அதிர்வைத்தான் வாங்குகிறது. சந்தடி அதைப் பெரிதாகத் தொடாது. கைபேசிச் செயலி அப்படி இல்லை. அதன் சின்ன மைக் 41 ஹெர்ட்ஸ் ஈ-யைச் சரியாக வாங்காது, பக்கத்தில் பாடுகிறவரின் குரலை வாங்கிக்கொள்ளும்.

கிளிப்பும் ஈ கம்பியில் தடுமாறும். தலைப்பகுதிக்கு அடித்தள அதிர்வைவிட அதன் மேல்கிளைகள் பலமாக வந்து சேருவதால் முள் அலைபாயும். டோன் குமிழைக் குறைத்துக்கொண்டு கேபிள் வழியாகக் காலடியில் வைக்கும் பெடல் டியூனருக்குக் கொடுத்தால் இது பெரும்பாலும் தீரும். பெடல் இல்லையென்றால் 12-ஆவது ஃப்ரெட் ஹார்மோனிக்கை, அதாவது 82 ஹெர்ட்ஸை, காட்டி வைக்கலாம். கட்டைவிரல் சதையால் மெதுவாக மீட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் தடித்த கம்பி முதலில் ஏறி ஒலித்துவிட்டுப் பிறகுதான் இறங்கி நிலைக்கும். கேரல் பாட்டுகளில் ஸ்வரம் நீண்டு நிற்கிறது, ஆகவே நிலைத்த பின் முள் காட்டுவதைத்தான் எடுக்க வேண்டும். ஓங்கி அடித்து வேகமாக வாசிக்கும் பாட்டு என்றால் துளி இறக்கி வைப்பவர்கள் உண்டு, அவர்கள் செய்வதும் நியாயம்தான்.

ஆக, டியூனரை நான் ஒதுக்கியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு ஏன் "பியானோவுக்கு வை" என்றே சொன்னேன் என்றால், அந்தப் பியானோ ஒரே அளவாக இறங்கியிருக்கவில்லை. ஏ 20 சென்ட், இன்னொரு கட்டை அதைவிடக் குறைவு, வேறொன்று அதிகம். மலையில் ஈரம் ஏறினால் பியானோவின் ஒலிப்பலகை உப்பும், நடுப்பகுதிச் சுருதி மற்ற பகுதிகளைவிட அதிகமாக ஏறும். காய்ந்தால் அதே பகுதி இறங்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. கேரல் ஒத்திகையும் அந்த ஈரத்தில்தான் வருகிறது. போதாக்குறைக்கு, பியானோவின் கீழ்க்கோடி ஸ்வரங்களைக் கணக்கைவிடத் துளி தாழ்த்தியும் மேல்கோடியைத் துளி உயர்த்தியும் வைப்பது பியானோ ட்யூனர்களின் வழக்கம், ஏனென்றால் கம்பியின் விறைப்பால் அதன் மேல்கிளை ஒலிகள் ஏறி நிற்கின்றன. 435 என்று ஒற்றை எண்ணைக் கொடுத்து இதையெல்லாம் பிடிக்க முடியாது. எந்தப் பாட்டில் எந்த ஸ்வரம் அதிகம் வருகிறதோ அதைப் பியானோவோடு கேட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தக் காரணத்தை அவனிடம் நான் சொல்லவில்லை. நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இரண்டு நிமிடம் இருந்தது என்பதும் தெரியும்.

குளிரையும் சொல்ல வேண்டும். ஜீப்பில் வந்த பேஸைப் பையிலிருந்து எடுத்ததும் சேர்த்தால் அந்தச் சுருதி நிற்காது. குளிரில் எஃகுக் கம்பி சுருங்கி, இறுகி, ஏறி நிற்கும். கூடத்துச் சூட்டிலும் கைச்சூட்டிலும் கம்பி சீக்கிரம் இளகி இறங்கும். மரம் மெதுவாகத்தான் பின்னால் வரும். பையைத் திறந்து அரை மணி நேரமாவது கூடத்திலேயே வைத்துவிட்டு, கொஞ்சம் வாசித்த பிறகு சேர்க்க வேண்டும். புல்லாங்குழல் இதற்கு நேர் எதிர். காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும், ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 3 சென்ட் இறங்கும். ஊதுகிறவரின் மூச்சு உள்ளே சூடேற்றுவதால் நடைமுறையில் அவ்வளவு இறங்காது, ஆனாலும் இறங்கும். பேஸ் ஏற, குழல் இறங்க, இரண்டும் டியூனரில் பச்சை பார்த்துவிட்டு உள்ளே வந்தவை. கூட்டம் நிரம்பிக் கூடம் சூடானதும் பாட்டுக்குப் பாட்டு பேஸ் நழுவும். அந்த இடைவெளிகளில் சத்தமில்லாமல் சரிபார்க்க, 435-க்கு வைத்த டியூனர்தான் உதவும். பிரசங்கத்தின் நடுவே யாரும் ஹார்மோனிக் அடித்துக்கொண்டிருக்க முடியாது.

"பியானோதான் தப்பு" என்றேனே, அதற்கு வருகிறேன். 1859-இல் பிரான்ஸ் ஏ-வை 435 என்று அதிகாரப்பூர்வமாக நிர்ணயித்தது. 440 என்பது 1939 லண்டன் மாநாட்டின் ஒப்பந்தம், 1955-இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின் பரிந்துரையானது. இரண்டும் மனிதர்கள் கூடி முடிவு செய்தவை. நம் கச்சேரியில் பாடகர் நான்கரைக் கட்டை என்றால் தம்புராவும் வயலினும் அதற்கு வரும். மிருதங்கக்காரர் கல்லால் விளிம்பைத் தட்டி அதே சுருதிக்குக் கொண்டுவருவார். பாடகரின் குரல் 440-க்கு ஒத்துவருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. இதைத் தெரிந்து வளர்ந்த நான், "அந்தக் கூடத்தில் பியானோதான் சுருதி, நீ அதோடு சேர்" என்று சொல்லியிருக்கலாம். தப்பு யாருடையது என்ற கணக்கே அங்கே வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதுவும் முழுப் பதில் இல்லை. கட்டைக்குக் கட்டை வெவ்வேறாக இறங்கிய பியானோவைச் சுருதி என்று ஒப்புக்கொண்டால், பராமரிக்காமல் விட்டதற்கு அது சாக்காகிவிடும். ஒரே அளவாக 435-இல் நின்றிருந்தால் அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

பிறகு ஒரு விடுதி நிகழ்ச்சியில் அந்தத் தம்பியைப் பார்த்தேன். அங்கே எலக்ட்ரானிக் கீபோர்டு, அதன் ஏ எப்போதும் 440. அவன் கிளிப்பை எடுத்து வரவில்லை. "நீங்கதானேங்கண்ணா காதுல வெக்கச் சொன்னீங்க" என்றான். காதால்தான் வைத்தான், நன்றாகவே வைத்தான். டிரம்ஸ் முழங்கும் மேடையில் பாட்டு நடுவே ஜி கம்பி நழுவியபோதுதான் தவித்தான். நான் சொன்னதை டியூனருக்கு எதிரான பேச்சாக அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவன் அப்படிக் கேட்டதில் நியாயம் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

பியானோவைப் பற்றித் தேவாலயத்தில் பேச்சு நடக்கிறது. 440-க்கு ஏற்றிவிடலாம் என்கிறார்கள். சுமார் 230 கம்பிகள், சட்டத்தின்மேல் மொத்த இழுவிசை டன் கணக்கில். 20 சென்ட் ஏற்றினால் ஒரே தடவையில் நிற்காது. முதலில் தோராயமாக எல்லாவற்றையும் ஏற்றி, சட்டமும் ஒலிப்பலகையும் அந்த இழுவிசைக்குப் பழகிய பிறகு இரண்டாம் தடவை நுணுக்கமாக வைக்க வேண்டும். மூடுபனியில் துருவேறிய கம்பிகளில் சில அறும். கம்பிகளைத் திறந்து பார்த்த அளவில் என் யோசனை வேறு: ஏற்ற வேண்டாம், 435-இலேயே எல்லாக் கட்டையையும் ஒரே சீராக வைக்கச் சொல்லலாம். "அப்போ வர்ற பசங்க எல்லாரும் இறக்கித்தான் வாசிக்கணுமா?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். டியூனரை 435-க்கு மாற்றும் முறையை எழுதிப் பியானோ மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடலாம் என்றும் சொன்னேன். இன்னும் முடிவாகவில்லை.